ஆறே கால் மீட்டர்

கதான்ஸ்கில் எங்கள் கட்டடத்தின் நீளம்
எண்ணூற்றுச் சொச்சம் மீட்டர்.
அலை மாதிரி வளைந்து கிடக்கிறது.
இந்தக் கோடியில் ஏறி அந்தக் கோடியில் இறங்கப்
பேருந்துக்கு மூன்று நிறுத்தங்கள்.
அதில் எங்கள் பங்கு
ஆறே கால் மீட்டர்,
பால்கனியையும் சேர்த்து.

ஹால்ஷ்காவுக்கு வேண்டியது இருபது.
நாற்பது மீட்டர் அலைக்குப் பாதி,
அதற்குக் குறைந்தால் கம்பி முரண்டுபிடிக்கும் என்றாள்.
மொட்டைமாடியில் கட்ட அனுமதி கேட்டாள்.
குடியிருப்புச் சங்கம்
இரண்டு வரியில் மறுத்து
மூன்று முத்திரை குத்தி அனுப்பியது.

ஆகவே கம்பி வீட்டுக்குள் வந்தது.
ஒரு கை பால்கனிக்குப் போய்
இருட்டிய பின் நீளும் தூண்டில் கழியில் தொற்றிக்கொண்டது.
மறு கை திரைச்சீலைத் தண்டின் மேல் ஓடி
அலமாரிக்குப் பின்னால் மடங்கி
குளியலறைக் கதவின் தலையைக் கடந்து
(அதை இனி முழுதாகச் சாத்த முடியாது)
என் தலையணைக்கு மேலே
ஒரு சாண் உயரத்தில் முடிந்தது.
"முனையில்தான் அழுத்தம் அதிகம்.
நான் பேசும்போது தொடாதே."

அனுப்புவதில் பாதி வீட்டுக்கே திரும்பி வந்தது.
மீட்டர் முள்ளைப் பார்த்துப் பார்த்து
விரற்கடை விரற்கடையாக நறுக்கினாள்.
அவசரப்பட்ட ஒரு ராத்திரி
நறுக்கியதை மறுபடி பற்றவைத்தாள்.
சுவருக்குள் இருக்கும் இரும்பைத் திட்டினாள்.
காயப்போட்ட என் காலுறையைத் திட்டினாள்,
ஈரம் முள்ளை நகர்த்துமாம்.

மார்ச்சில் ஒருநாள், பதினொன்றே கால்.
முள் படுத்தது.
ஐந்தே வாட்டில் விசையைத் தட்டினாள்.
மேசை விளக்கும் கூடவே விக்கியது.
யாராவது இருக்கிறீர்களா, யாராவது.
அசோர்ஸ் தீவுகளை எதிர்பார்த்து
வரைபடம்கூட விரித்து வைத்திருந்தாள்.

வந்த பதிலின் சத்தத்தில்
ஹெட்போனைக் கழற்றி எறிந்தாள்.
பெயர் மெச்சிஸ்வாஃப்.
ஊர் கதான்ஸ்க்.
தெரு, எங்கள் தெரு.
கட்டட எண்ணும் எங்களுடையதே,
அந்தக் கோடி, ஒன்பதாம் மாடி.
அவர் கம்பி சமையலறையைச் சுற்றுகிறதாம்;
குளிர்பெட்டியைத் திறந்தால்
முள் எழுந்து உட்கார்ந்துகொள்கிறதாம்.
மூலைகளை எப்படி மடிப்பது என்று
ஒரு மணி நேரம் தட்டிக்கொண்டிருந்தார்கள்.
கம்பிக்குக் கீழே
அசையாமல் படுத்திருந்தேன்.

பிறகு பதிவேட்டைத் திறந்தாள்.
நேரம் எழுதினாள், அலைவரிசை எழுதினாள்.
தூரம் என்ற கட்டத்தில் பேனா கொஞ்சம் நின்றது.
"மூன்று நிறுத்தம்."
தூண்டில் கழியை உள்ளே இழுத்து
விளக்கை அணைத்தாள்.

இப்போது தொடலாமா என்றேன்.
எதை என்றாள்.