ஒற்றைத் தும்மல்

டாக்டர் ம்கிஸே என் முன்கையில்
நீலப் பேனாவால் எட்டு எண்கள் எழுதினார்.
எண்ணுக்கு ஒரு துளி, துளிக்கு ஒரு கீறல்.
பதினைந்து நிமிடம் சொறியக்கூடாது.
சுவர் நாட்காட்டியைப் பார்த்தபடி
மனசுக்குள் நான் கரும்புக்கு ஓட்டுப் போட்டேன்.

டொங்காட்டில் அது நியாயமான ஆசைதான்.
வெட்டுக்காலம் வந்தால் தோட்டங்களுக்குத் தீ வைப்பார்கள்.
கொடியில் காயும் வெள்ளைச் சட்டையில்
கறுப்பு நூலாய்ச் சாம்பல் வந்து உட்காரும்.
மூன்று வருஷமாய் என் மூக்கு செய்த குற்றமெல்லாம்
ஆலையின் தலையில்தான் கட்டியிருந்தேன்.

"சாம்பலுக்கெல்லாம் துளி கிடையாது" என்றார் அவர்.
புல் அமைதி. பூனை அமைதி.
கரப்பான் லேசாக.
ஐந்தாம் எண்ணில் மட்டும்
ஐந்து ரேண்ட் நாணயம் அளவுக்கு
என் கையே எழுந்து நின்று சாட்சி சொன்னது.

"வேறு இடம் பார்ப்பது நல்லது."
நாய்க்கா எனக்கா என்று நான் கேட்கவில்லை.

உண்மையில் அது என் நாயே இல்லை.
பக்கத்து வீட்டுத் தேவனேசன் பெர்த்துக்குக் கிளம்பியபோது
"ரெண்டே வாரம், காகிதம் வந்ததும் கூப்பிட்டுக்கிறேன்" என்று
சங்கிலியைக் கேட்டில் மாட்டிவிட்டுப் போனான்.
மேஜர் என்று பெயர்.
அந்தப் பெயருக்கு அது என்னிடம்
ஒருநாளும் திரும்பியதில்லை.

அது அருகே வரும், நான் தும்முவேன்.
நான் தும்முவேன், அது அருகே வரும்.
எது முன், எது பின் என்று குழம்பிப்போய்
தும்மல்தான் தன் பெயர் என்று
அது முடிவுகட்டிவிட்டது.
வருஷப் பிறப்பு விருந்தில்
மிளகாய் வறுத்த நெடிக்குத் தும்மினாள் சலோச்சனா அண்ணி.
பாய்ந்து போய் அவள் புதுச் சேலையில்
முன்கால் இரண்டையும் வைத்தது.
"உன்னை யாரு கூப்பிட்டா?" என்றாள்.
கூப்பிட்டது அவள்தான்.

கம்பளத்தை நானூறு ரேண்டுக்கு விற்றேன்.
படுக்கையறைக் கதவுக்கு அது நகத்தால் கோலம் போட்டது.
சனிக்கிழமை தோறும் குளிப்பாட்ட சிபுசிசோவுக்கு ஐம்பது.
இரவுக்கு வெள்ளை மாத்திரை,
சட்டைப் பையில் நீலப் பம்பு.
எதுவும் முழுசாகக் கேட்கவில்லை,
எதுவும் முழுசாகக் கைவிடவும் இல்லை.

சோதனை முடிந்த ஞாயிறு
வெருலத்தில் அண்ணி வீட்டில் கொண்டுபோய் விட்டேன்.
"ரெண்டே வாரம்" என்றது என் வாய்.
சொன்ன பிறகுதான்
அது யாருடைய வாக்கியம் என்று உறைத்தது.

மூக்கு திறந்தது, சொல்லத்தான் வேண்டும்.
கருவேப்பிலை மணத்தது.
மூன்று வீடு தள்ளிப் பொரியும் மீன் மணத்தது.
என் தலையணைக்கே ஒரு வாசனை இருந்தது,
அது அவ்வளவு நல்ல வாசனை இல்லை.

பதினோராம் நாள் இரவு மின்வெட்டு.
மெழுகுவத்தி தேடி இழுப்பறையைத் துழாவியபோது
ஒரு தும்மல் வந்தது.
ஒன்றே ஒன்று.
ஒற்றைத் தும்மல் ஆகாது என்பார்கள்,
இன்னொன்றுக்காக நின்றேன்.
பிறகு,
எதற்காக நிற்கிறேன் என்பது புரிந்தது.
தரை ஓட்டில் டக் டக்கென்று
எந்த நகமும் வரவில்லை.

விடிந்ததும் நான்கு கண்ணாடியும் இறக்கிய காரில்
வெருலம் போய்த் திரும்பினேன்.
அண்ணி ஒன்றும் கேட்கவில்லை,
ஒரு டப்பா ஊறுகாய் மட்டும் கொடுத்தாள்.
ஆற்றுப் பாலம் வருவதற்குள் கண் அரித்தது.
சிவப்பு விளக்கில் நிற்கையில்
பெருசாய் ஒன்று தும்மினேன்.

பின்னாலிருந்து ஈர மூக்கு ஒன்று
பிடரியில் வந்து தொட்டது.
"ஒண்ணுமில்லடா" என்றேன்,
"சும்மாதான் கூப்பிட்டேன்."