சிபோன்

முதல் நாள் இரவு. சபனெல் வீதி, ஏழாம் மாடி.
மேற்பார்வைக்கார ஜில் பெருபே கையை நீட்டி
"சிபோன்! சிபோன்!" என்றார்.
எனக்குத் திக்கென்றது.
என்ர இளநீலச் சிபோன் சீலை
பார்க் எக்ஸ்ரென்ஷனில், கட்டிலுக்குக் கீழ், சூட்கேசில்.
இந்த மனுசனுக்கு எப்படித் தெரியும்?

அவர் என்னைத் தாண்டிக் குனிந்து
வாளி விளிம்பில் தொங்கிய மஞ்சள் கந்தலை
எடுத்து உதறினார்.
சிபோன்.
பிரெஞ்சில் மேசை துடைக்கிற துணி.

விரல் படாமல் மடிப்பு விரித்து
விலை சொன்னானே பெரியகடைக்காரன்,
ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஆனால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.
கூறையும் சீலைதான் எங்களுக்கு.
சட்டி இறக்கின கரித்துண்டும் பழஞ்சீலைதான்.

பிறகு தையலுக்கு மாறினேன்.
சென்ற்-ஹூபேர் வீதித் துணிக்கடையில் மிரேய்
அளந்துகொண்டே சொல்லுவாள்:
வுவால் என்றால் முக்காடு.
ஜோர்ஜெட், பாரிசில் ஒரு தையற்காரியின் பேராம்.
அன்று மெட்ரோவில் கம்பியைப் பிடித்தபடி
என் பேரையும் கடையில் வைத்துப் பார்த்தேன்:
"புவனலோஜினி இரண்டு மீட்டர் வெட்டுங்கோ."
"சாம்பல் நிறத்தில் புவனலோஜினி முடிஞ்சுது, மடம்."
சிரிப்பு வந்தது. எதிரில் இருந்த கிழவர்
தன் தொப்பியைச் சரிசெய்தார்.

ஒன்பதாம் வருசம், மாசி மாதம்.
என் நிலக்கீழ்க் கடையின் படி இறங்கி
பெருபே வந்தார்.
மகளின் கல்யாண உடுப்பை
இரண்டு கையிலும் கிடத்தி,
நித்திரைப் பிள்ளையைத் தூக்குமாப்போல.
சப்பாத்தில் பனிச்சேறு;
கால்மிதியை விட்டு அசையவில்லை.
"சிபோன்," என்றார்,
அவ்வளவு மெல்ல.
என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.
நானும் சொல்லவில்லை.

மூன்று அங்குலம் குறைக்க வேண்டும்.
மெசினுக்குள் நழுவும், சுருளும், பல்லில் சிக்கும்;
அடியில் மெல்லிய தாள் வைத்துத் தைத்து
தாளைப் பிறகு இழையிழையாய்க் கிழித்தெடுத்தேன்.
விடிய இரண்டு மணி.

அயன் ஆவியில் மூக்குக்கண்ணாடி மங்கிப் போக
நிலத்தில் கிடந்த வெட்டுத்துண்டை எடுத்துத் துடைத்தேன்.
ஈரத்தை இந்தப் பக்கம் தள்ளியது,
அந்தப் பக்கம் தள்ளியது.
ஒரு சொட்டுக் குடிக்கவில்லை.
பேர்தான் கந்தல்.