எழுபத்திரண்டு

சரியாக எழுபத்திரண்டில் வருகிறது என்றார்
சிஸ்டர் யோகாம்பாள் மூன்சாமி.
எழுபதில் இல்லை. எண்பதைத் தாண்டிவிட்டாலும் இல்லை.
எழுபத்திரண்டில் போகும்போது ஒரு பள்ளமோ
பாலத்தின் இரும்பு இணைப்போ குறுக்கிட்டால் போதும்,
ஊசிக்குப் பயந்த பிள்ளை மாதிரி
ஸ்டியரிங் கையை உதறும்.
நிறுத்தியே தீரவேண்டும்.
ஓரம் ஒதுங்கி, மூச்சு வாங்கி,
மறுபடி முதல் கியர்.

வெள்ளை ஜிம்னி.
மகன் கேப்டவுன் போகுமுன்
இரண்டங்குலம் உயர்த்திவிட்டுப் போயிருக்கிறான்.
நீள ஸ்பிரிங், டிராக்டருக்குப் பங்காளி போல டயர்,
கூரைமேல் அவர் ஒருநாளும் எரியவிடாத நான்கு விளக்கு.
இதெல்லாம் எதற்கு என்றால்
"நானா கேட்டேன்?" என்பார்.
வாரம் மூன்று நாள்
அண்டர்பெர்க் தாண்டி மலைக் கிளினிக்குகள்.
குளிர்பெட்டியில் தடுப்பூசி,
பின்சீட்டில் குழந்தைகளை நிறுக்கும் தராசு.

முதல் தடவை சக்கரங்களை பேலன்ஸ் செய்தேன்.
ஒரு வாரம் நன்றாக இருந்தது.
இரண்டாம் தடவை, சொல்ல வெட்கம்தான்,
புது டேம்பர் மாட்டினேன்.
ஆயிரத்து எண்ணூறு ராண்ட்.
ஒரு மாதம் நன்றாக இருந்தது.
மூன்றாம் தடவை அவர் இறங்கவில்லை.
கண்ணாடியை மட்டும் இறக்கினார்.
"சத்தியசீலா, வலி மாத்திரை குடுத்து அனுப்பியிருக்கே.
புண்ணு எங்கே?"

ரேய்ஸ்தோர்ப்பில் அன்று மழை.
சிபூசிசோ மகளைப் பள்ளியில் சேர்க்கப் போயிருந்தான்.
இந்தச் சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும்.
ஒருவர் ஸ்டியரிங்கை
இடம் வலம் இடம் வலம்
கால் சுற்றுக்கும் குறைவாக அசைக்க,
மற்றவர் அடியில் படுத்து
மூட்டு மூட்டாகத் தொட்டு வரவேண்டும்.
சக்கரம் தரையிலேயே இருக்கட்டும்.
ஜாக்கி வைத்தால் பாரம் போய்விடும்,
பாரம் போனால்
நோய் ஒளிந்துகொள்ளும்.

"நான் படுக்கிறேன்."
அறுபதை நெருங்கும் உடம்பு. வேண்டாம் என்றேன்.
சொல்லி முடிப்பதற்குள் அட்டையை விரித்து,
கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டு,
மல்லாந்து நகர்ந்து போய்விட்டார்.
வெள்ளைக் காலணிகள் மட்டும் வெளியே.

அசைத்தேன்.
"சக்கரத்துக்குச் சக்கரம் ஒரு கம்பி போகுதே?"
டை ராட் என்றேன்.
"அது நல்லா இருக்கு."
அசைத்தேன்.
தகரக் கூரையில் மழை.
"மேலே சட்டத்திலிருந்து குறுக்கே இறங்குற கம்பி?"
பான்ஹார்ட் ராட்.
உடலும் அச்சும் பக்கவாட்டில்
விலகிவிடாமல் பிடிப்பது.
அதை மூன்று தடவையும் பார்த்துவிட்டேன் சிஸ்டர்,
போல்ட் இறுக்கமாக இருக்கிறது, புஷ் புதுசு.
"பார்த்தியா, தொட்டியா?"
நான் பதில் சொல்லவில்லை.
"இன்னொரு தரம். மெதுவா."
அசைத்தேன்.
"இங்கே துடிக்குது."

கழற்றினோம்.
பன்னிரண்டு மில்லி துளையில் பத்து மில்லி போல்ட்.
பெரிய வாஷர் ஒன்று
வெட்கத்தை மூடும் துணி போல மேலே.
அடித்து அடித்துத் துளை
முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது.
என் சுண்டுவிரல் நகத்தின் கனம்கூட இல்லாத இடைவெளி,
அதற்குள்தான் அத்தனை ஆட்டமும்.

போல்ட்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.
மகனுக்குப் போன் செய்வார் என்று நினைத்தேன்.
"ஊருக்கு வரட்டும்" என்று
குளிர்பெட்டிக்குள் போட்டுக்கொண்டார்,
தடுப்பூசிகளோடு.

துளையைச் சுற்றி எஃகு வளையம் வைத்து வெல்டு அடித்தேன்.
பொருந்துகிற போல்ட் போட்டேன்.
மழை விட்டதும் ஹோவிக் சாலையில்
அவரே ஓட்டினார்.
எழுபது. எழுபத்தொன்று.
பாலத்தின் இணைப்பு
அடியில் டக்கென்றது.
இருவருமே பேசவில்லை.
எழுபத்து மூன்று. எழுபத்தைந்து.
ஸ்டியரிங் சும்மா இருந்தது, அவர் விரல்கள்தான்
தளர ஹோவிக் வரை ஆயிற்று.

அங்கே ஓரங்கட்டி நிறுத்தி,
"அந்த டேம்பர் காசு" என்றார்.
திருப்பித் தந்துவிடுகிறேன் என்றேன்.
"பாதி போதும்.
ஒரு மாசம் ஓடிச்சே."