கொடியிறக்கம் வரைக்கும்

நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முதல்நாள்
மச்சச் சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்து
பழைய பேப்பரில் சுற்றி
அலுமாரிக்கு மேல் ஏற்றினேன்.
கதிரையால் இறங்காமல், நின்றபடியே
போனில் கிடந்த மூன்று படங்களை
ஒவ்வொன்றாய் அழுத்திப் பிடித்தேன்.
அவை நடுங்கின,
ஏதோ நான் கோழி பிடித்தது போல.

இருபத்தைந்து நாள்.
ஆருக்கும் சொல்லவில்லை.
"சிறு இடைவேளை எடுக்கிறேன் உறவுகளே" என்று எழுதிவிட்டு
எத்தனை பேர் கவலைப்படுகிறார்கள் என்று
மணிக்கொருதரம் வந்து எண்ணும் விரதம்
போன வருசம் பிடித்துப் பார்த்தாயிற்று.

முதல் நாலு நாளும் பெருவிரல்தான் பாவம்.
மருந்துக்கடையில்
டொக்டரின் துண்டைக் கண்டாலும் மேலே தள்ளியது.
"பிள்ளை, அது கடதாசி" என்றார்
கொக்குவிலில் இருந்து பிரஷருக்கு வரும் ஐயா.
சிரித்தேன். பிறகும் தள்ளினேன்.

மஞ்சத் திருவிழா அன்று
பின்வீதிச் சனத்துக்குள் நின்று ஐஸ்கிறீம் குடித்தேன்.
அது உருகி முழங்கைவரை வந்தது.
படம் இல்லை, லைக் இல்லை,
நக்கிக்கொண்டேன்.
தண்ணி பவுசர் வீதியை நனைத்துக்கொண்டு போக
சூடு கிளம்பிய மண்ணின் மணத்தை
ஆருக்கும் அனுப்ப வேண்டியிருக்கவில்லை.
நல்லாய்த்தான் இருந்தது.
என்னைப் பற்றி நானே கொஞ்சம்
பெருமைப்படத் தொடங்கியிருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் இரவு பதினொன்றரை.
கேற்றைத் தட்டுகிற சத்தம்.
பின்வீட்டு அருட்செல்வி அக்கா, இரவுச் சட்டையோடு,
ரோர்ச் பிடிக்கிற மாதிரிப் போனைப் பிடித்துக்கொண்டு.
அதற்குள் கோமகன் அண்ணா.
ரொறன்ரோவில் மத்தியானம்.
செம்மஞ்சள் வேலைச் சட்டை, பின்னால் பெட்டிகள்.
"எங்கயடி நீ?"
"வீட்டிலதான்."
"பச்சைப் புள்ளி எரியேல்லை."
"அது அண்ணா, நான் சும்மா..."
"பன்னிரண்டு நாளா எரியேல்லை."

புது நம்பரை அவனுக்குக் கொடுக்கவில்லை.
கேட்டதும் இல்லை அவன்.
மெசஞ்சர் இருந்ததே.

வன்னிக்குள் நாங்கள் அடைபட்டிருந்த ஐந்து மாதமும்
அவனிடம் ஒரு நம்பர் இருந்தது.
அடித்துக்கொண்டே இருந்திருக்கிறான்.
வேலைக்குப் போகும் பஸ்ஸில், வேலையில், கக்கூசில்.
தொடர்பு கொள்ள முடியாது என்று
ஒரு பெண் மூன்று பாசையில் சொல்வாளாம்.
பிறகு மூன்றும் பாடமாகிவிட்டதாம் அவனுக்கு.

நான் விரும்பி எடுத்த அமைதி
அவனுக்கு ஒருதரம்
விரும்பாமல் கிடைத்தது.
இதை அவன் சொல்லவில்லை.
"சாப்பிட்டியா" என்று மட்டும் கேட்டான்,
இரவு பதினொன்றரைக்கு.
அருட்செல்வி அக்கா முகத்தை
வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நின்றா,
கை மட்டும் ஆடாமல்.

படங்களைத் திரும்ப இறக்கவில்லை நான்.
ஒரு ஒழுங்கு செய்தோம்.
காலமை எட்டரைக்குக் கடைக் கதவை உயர்த்தியதும்
ஒரு மிஸ்ட் கோல். ஒரே ஒரு மணி.
அங்கே இரவு பதினொன்று,
பல்லுத் தீட்டிக்கொண்டிருப்பான்.
எடுக்கமாட்டான். எடுத்தால் எனக்குக் காசு.
அந்த மணிதான் பச்சைப் புள்ளி.

தீர்த்தம் முடிந்து கொடி இறங்கியது.
அடுத்தநாள் விடிய நாவாந்துறைக்குப் போய்
நண்டு வாங்கினேன்.
சட்டியைக் கீழே இறக்கினேன்.
நீலப் படம் பற்றி இன்னும் யோசிக்கவில்லை,
அல்லது யோசித்தேன், நண்டு உடைக்கையில் கை ஈரமாய் இருந்தது.

எட்டரைக்கு மணி விட்டேன்.
தவறுதலாகவோ என்னவோ
எடுத்துவிட்டான்.
இரண்டு பேருக்கும் சொல்ல ஒன்றும் வரவில்லை.
மூச்சுக் கேட்டது. குழாய்த் தண்ணி ஓடுவது கேட்டது.
"நண்டு வாங்கினனான்" என்றேன்.
"கிலோ என்ன விலை?"
சொன்னேன்.
"அடி ஆத்தை" என்றான்,
வைக்கவில்லை.