இரண்டு இருநூற்றெட்டு

ஒன்பதாம் மதகில் மாட்டி முடித்தபோது
மணி பதினொன்றரை. ஆனி வெயில்.
மஞ்சள் வார்ப்புப் பெட்டி, ஏழு கிலோ.
மழை புகாது, தூசி புகாது என்று அட்டையில் போட்டிருந்தது.
குளவியைப் பற்றி ஒன்றும் இல்லை.
எஃகுச் சுருள் போர்த்திய ரிசீவர் வயரை
லஸ்கர் தியாகசுந்தரம் இழுத்துப் பார்த்தார்:
"மாட்டைக் கட்டலாம் போலிருக்கேம்மா."

ஒரே கேபிளில் கரண்டும் பேச்சும் வரும் என்றேன்.
"ஒரே வாய்க்கால்ல குளிக்கவும் குடிக்கவும்" என்றார்.
சரியான உவமை இல்லை.
திருத்த நேரமில்லை.

மதகுச் சுவரில் லேப்டாப்,
மேலே அவர் பிடித்த குடை.
பத்து, இருபது, எட்டு, பதினைந்து:
முகவரியைக் கையால் அடித்தேன்.
கேட்வே என்ற கட்டம் வந்தபோது சிரிப்பு வந்தது,
மதகின் மேல் உட்கார்ந்து மதகுக்கு எண் கொடுக்கிறேன்.
மீதி எல்லாவற்றையும், சோம்பல்தான்,
எட்டாம் மதகின் ஃபைலிலிருந்து நகலெடுத்தேன்:
மணியோசை, எதிரொலி நீக்கம், சர்வர், கடவுச்சொல்,
உள்ளெண்.

பச்சை விளக்கு எரிந்தது.
பதிவாகிவிட்டது.

பத்தாம் மதகுக்குக் கோரையாற்றுக் கரையில்
நான் ஸ்கூட்டியில் போய்க்கொண்டிருக்கிறேன்.
தலைப்பில் உதவிப் பொறியாளர்
இருநூற்றெட்டை அழுத்துகிறார்.
அடித்தது ஒன்பதில்.
கடைசியாகப் பதிந்தவருக்கே எண் சொந்தம்
என்பது சர்வரின் நியாயம்.

"ரெண்டு சுத்து ஏத்துங்க."
கரகரப்பே இல்லாத குரல்.
தன் மதகில் அடித்த மணி
வேறு யாருக்கு அடிக்கும்?
தியாகசுந்தரம் சக்கரத்தைச் சுற்றினார்.

ஒன்பதுக்கு முறை வியாழக்கிழமை.
அன்று செவ்வாய்.

எட்டில் காத்துக்கிடந்தவர்களின் கோபம்
என் செல்லுக்கு வந்து சேர்வதற்குள்
பதினெட்டு நிமிடம் ஓடிவிட்டது.
வண்டியைத் திருப்பினேன்.
கடைசி எட்டை ஒன்பதாக்கினேன்.
சேமி. மறுதொடக்கம்.
நாற்பது நொடி
தான் யாரென்று தெரியாமல் கிடந்தது பெட்டி,
பிறகு இருநூற்றொன்பதாக எழுந்தது.
ஷட்டர் இறங்கியது.

வாய்க்காலில் போனது போனதுதான்.
வெடித்துக் கிடந்த நாற்றங்காலுக்குள் அது
சத்தம் போட்டுக்கொண்டு இறங்குவதை
மரகதவல்லி மண்வெட்டியோடு பார்த்து நின்றாள்.
"இன்னைக்கு எங்க முறையா?"
நான் வாயெடுப்பதற்குள்
இரண்டு வெட்டு மண் எடுத்து
மடையை அடைத்துவிட்டாள்.
பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை.

படிவத்தில்
சோதனை அழைப்பு: வெற்றி என்று எழுதினேன்.
திருத்தம்: ஓர் இலக்கம்.
தண்ணீருக்கு அதில் கட்டம் இல்லை.

மூன்று மணிக்கு இருநூற்றொன்பது அடித்தது.
ரிசீவரைக் கொஞ்சம் தள்ளியே பிடித்துக்கொண்டு
தியாகசுந்தரம் கேட்டார்:
"எந்த மதகுக்குங்க?"