பதினைந்து ரிங்கிட் காற்று

பீடோரில், கார் கழுவும் கடைக்குப் பின்னால்
பூன் கியாட் மூன்று பெயின்ட்பால் டாங்கிகளைக்
கொய்யாப்பழம் மாதிரி அடுக்கியிருந்தான்.
காற்று நன்றாக நிற்கும் அக்கா, என்றான் மலாயில்.
நின்றால்தானே தம்பி பயம்.

நார் சுற்றியதன் மேல் நகத்தை ஓட்டினேன்.
ஓரிடத்தில் மாட்டியது.
எந்தத் தார் ரோட்டிலோ உருண்டு
நூல் பிரிந்திருக்கிறது. ஓரமாக வைத்தேன்.

அடுத்ததன் வாயை முகர்ந்தால்
இயந்திர எண்ணெய்.
வெல்டிங் கடையில் பதினோரு வருஷம் எனக்கு.
எண்ணெயும் அழுத்தமும் ஒரே அறையில் படுத்தால்
என்ன பிறக்கும் என்று பார்த்தவள்.

மிச்சமிருந்ததற்குப் புதுக் கறுப்புப் பெயின்ட்.
அதுதான் அழகு.
இருபது காசால் கழுத்தைச் சுரண்டினேன்,
புள்ளி புள்ளியாகத் தேதி எழுந்து வந்தது:
கடைசியாகச் சோதித்தபோது
என் மகன் பாலர் பள்ளி.
இப்போது மீசை.

பூன் கியாட் வானத்தைப் பார்த்தான்.
மழை வரும்போல, என்றான்.

மோட்டாரில் ஏறி, எண்ணெய்க் கடைச் சந்திவரை வந்துவிட்டேன்.
ஞாயிற்றுக்கிழமை செம்பனைக்கு நடுவே சுட்டு விளையாடும்
எட்டுப் பையன்கள் நினைவுக்கு வந்தார்கள்.
அதில் அந்தக் கீர்த்தனன்
அழகானதைத்தான் எடுப்பான்.

திரும்பினேன். பதினைந்து ரிங்கிட்.
சிரிப்பை அடக்கிக்கொண்டு
பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தான்.

வாசலில் வைத்து, மெதுவாக,
ஒரு மூச்சுகூட மிச்சமில்லாமல் இறக்கிவிட்டு
ட்ரில்லை எடுத்தேன்.

காசு கொடுத்து வாங்கி ஓட்டையா போடுவீங்க?
கேட்டான் மீசைக்காரன்.

பேசாமல் பிடி, என்றேன்.
ஆடாமல் பிடி.