புறங்கை

நெஞ்சைத் திறந்தது கண்டியில்.
மூடியதும் அங்கேதான்:
ஆறு கம்பி, முறுக்கி, நுனி மடித்து.
எக்ஸ்ரேயில் பார்த்தேன்.
பாண் பையைக் கட்டுவதுபோலக்
கட்டியிருந்தார்கள் என்னை.

ஹபரணைக்கு இந்தப்பக்கம் ஒவ்வொரு பள்ளமும்
தன் பெயரைச் சொல்லிக்கொண்டு உள்ளே வந்தது.
தலையணையைக் கட்டிப்பிடித்தபடி
திருகோணமலையில் வந்து இறங்கினேன்.
வாசலில் மான் ஒன்று
வாழைப்பழத் தோலை மென்றுகொண்டு நின்றது.
நகரவில்லை.
எனக்கும் அதைத் துரத்தக் கை உயரவில்லை.

ஐந்து வாரம்.
தும்மல் வந்தால் தலையணை.
சிரிப்பு வந்தால் தலையணை.
மரக்கறி விலை கேட்டு வந்த பெருமூச்சுக்கும் அதுதான்.
வெட்டிய இடம் மெல்ல மரத்துப்போக
வலி முதுகுக்குக் குடிபெயர்ந்தது,
வாடகை பேசாமல்.
தோள்பட்டைக்குக் கீழே, இடப்பக்கம்,
என் கை எட்டாத ஒரே இடத்தில்.

செல்வரத்தினத்துக்கு அது எட்டும்.
ஆனால் அவர் மின்சார சபை.
முப்பத்தொரு வருடம் கம்பத்தில் ஏறியவர்.
கரண்ட் இருக்கா இல்லையா என்று பாராமல்
எந்தக் கம்பியையும் தொடாத மனுசன்.
எனக்குள் ஆறு கம்பி என்று டொக்டர் சொன்ன அன்றிலிருந்து
பாயை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டார்.
தேத்தண்ணியைக்கூட மேசையில் வைத்துவிட்டு
விலகி நிற்பார்.

ஆஸ்பத்திரி பிசியோதெரபி அறையில்
பச்சை ரெக்சின் கட்டில்.
கிழிசலுக்குப் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது.
நுஸ்கியா கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வருகிறவள்.
உள்ளங்கைகளை உரசிச் சூடாக்கிக்கொண்டே சொன்னாள்:
"முன்பக்கம் எலும்புட வேலை, டீச்சர்.
அது பொருந்தட்டும், நான் தொடமாட்டன்.
பின்பக்கம் என்ட."

குப்புறப் படுக்க முடியாது.
கதிரையில் திருப்பி இருத்திக்
கட்டிலில் அடுக்கிய தலையணைகளில்
நெற்றியைச் சாய்க்கச் சொன்னாள்.
பெருவிரல் கழுத்தடியில் தொடங்கியது.
அவசரமில்லை.
இருட்டு வீட்டில் சுவிட்ச் தேடுகிறவள்போலச்
சுவரோடு சுவராகத் தடவிக்கொண்டு வந்தாள்.

"இங்கயா?"
இல்லை.
"இங்கயா?"
இல்லை.
மூன்றாம் முறை அவள் கேட்கவில்லை.

அழுதேன்.
வலியில் என்றுதான் நானும் நினைத்தேன்.
கணக்கு டீச்சர் அல்லவா, கூட்டிப் பார்த்தேன்.
ஊசி போட்டவர்கள், தையல் பிரித்தவர்கள்,
பிரஷர் பார்த்தவர்கள், எல்லோரையும் கழித்தால்
முப்பத்தெட்டு நாளாக
ஒருவரும் என்னைத் தொட்டிருக்கவில்லை.

"மூக்கச் சிந்துங்க.
தலகாணியப் பிடிச்சிட்டுச் சிந்துங்க" என்றாள்.
பிறகு,
"நெஞ்சக் காவல் காக்கிறதா நினைச்சுத்
தோள் ரெண்டும் முன்னுக்கு வந்து நிக்குது.
ஷிப்ட் முடிஞ்சிட்டு எண்டு
அதுகளுக்கு ஆராவது சொல்லணுமே."

நாலாம் முறை போனபோது
வெளி வாங்கில் குடையை மடியில் வைத்திருந்தவரை
உள்ளே கூப்பிட்டாள்.
"கிழமைக்கு ரெண்டு நாள்தான் எனக்கு, ஐயா.
மற்ற அஞ்சும் உங்கட."
அவர் சட்டைப் பையைத் தடவினார்.
டெஸ்டர் அங்கே இல்லை.
பென்ஷன் எடுத்து நாலு வருடம்.

அன்றிரவு கச்சான் காற்று
ஜன்னல் கொக்கியை ஆட்டிக்கொண்டிருந்தது.
எண்ணெயைச் சுடுதண்ணீரில் வைத்து எடுத்து வந்து
எனக்குப் பின்னால் நின்றார்.
நெடுநேரம் நின்றார்.
பிறகு ஒரு கை வந்தது.
உள்ளங்கை அல்ல.

லைன்காரர்கள் முதலில் புறங்கையால்தான் தொடுவார்கள்.
அடித்தால் விரல் மடங்கிக் கை விலகிவிடும்.
உள்ளங்கை என்றால் கம்பியைப் பிடித்துக்கொள்ளும்,
விடாது.

மயிரும் நரம்புமாய் அந்தப் புறங்கை
என் முதுகில் ஒட்டிப் பார்த்தது.
ஒன்றும் நடக்கவில்லை.
கை திரும்பியது.

"நோகுதா?"
"நோகுது. எடுக்காதேங்கோ."

அந்த ஹவுஸ்கோட்டில் எண்ணெய்க் கறை
இன்னும் போகவில்லை.
இரண்டு தரம் ஊறவைத்தும் பார்த்தாயிற்று.